இந்தப் பக்கம் உட்காருங்கள்

இந்தப் பக்கம் உட்காருங்கள். அங்கே இல்லை, எனக்கு வலது பக்கம். ஆமாம், ஆபரேஷன் ஆன தோள் இதுதான். இடித்தாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே மூன்று சின்ன ஆணி அடித்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். என்னைவிட அது அதிக நாள் இருக்கும். இடது பக்கம் மட்டும் வேண்டாம்.

உங்கள் மடியில் இருக்கிற பெரிய உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எம்.ஆர்.ஐ.தானே? ஆபரேஷனும் செய்யலாம், பொறுத்தும் பார்க்கலாம், முடிவு உங்கள் கையில் என்றாரா டாக்டர்? எல்லாரிடமும் அதையேதான் சொல்வார். கையைத் தூக்க முடியாமல் வந்தவனிடம், முடிவு உங்கள் கையில் என்று! எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

செய்யலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் எப்படி முடிவு செய்தேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன். பிசியோதெரபி கொடுக்கிற பெண் ஷெரின், அவள் நம்மைக் கூப்பிட எப்படியும் அரை மணி நேரம் ஆகும். நான் முறையாக முடிவு செய்தவன். யோசித்து, கேட்டு, காகிதத்தில் கட்டம் போட்டுச் செய்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது.

என் பெயர் கோமதிநாயகம். மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பாதுகாப்பு அதிகாரி. சாரத்தில் ஏறுகிறவன் பெல்ட் கட்டியிருக்கிறானா, மூட்டை தூக்குகிறவன் முழங்காலை மடக்கித் தூக்குகிறானா என்று பார்ப்பது வேலை. எச்சரிக்கைப் பலகை எழுதுவதும் நான்தான். ஆங்கிலத்திலும் எழுதுவேன், நம் ஆட்கள் நிறையப் பேர் என்பதால் தமிழிலும் எழுதுவேன். பாளையங்கோட்டையில் பத்தாவது வரைக்கும் தமிழில் படித்துவிட்டு அதற்கப்புறம் எல்லாம் ஆங்கிலத்தில் படித்தவன். இரண்டும் எனக்குச் சமம். ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் முடிகிறது தமிழில் ஒன்பது சொல் ஆகும். உட்கார்ந்து ஐந்தாகக் குறைப்பேன். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடக் கூடாது. வந்தால் மேலேயிருந்து ஒருவன் விழுவான். அவ்வளவு கவனம்.

சரி, தோளுக்கு வருகிறேன். தோளுக்கு வர வேண்டுமென்றால் என் அண்ணனைச் சொல்லாமல் முடியாது.

ஆவுடையப்பன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கவர்மெண்டு பஸ்ஸில் கண்டக்டர். திருநெல்வேலி மதுரை, மதுரை திருநெல்வேலி, வாழ்நாள் முழுக்க அந்த ஒரே ரோடுதான். பஸ்ஸை விட்டு இறங்கினாலும் பேச்சு இறங்காது. வீட்டுக்குள் யாராவது வழியை மறித்து நின்றால், ‘உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் கெடக்கு’ என்பார். ‘ஏல, சனங்க மாதிரி நம்பிக்கை உள்ளவன் யாரும் கிடையாது. பக்கத்துல இருக்கது யாரு எவருன்னு தெரியாது, கயத்தாறு தாண்டுனா அவன் தோள்ல சாஞ்சு மதுரை வரைக்கும் தூங்குவான்’ என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் அம்மா இறந்தபோது நான் மஸ்கட்டில் இருந்தேன். எங்கள் வழக்கத்தில் கொள்ளி வைப்பது அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன். அப்படியென்றால் அம்மாவுக்கு நான். விமானம் கிடைக்கவில்லை. கிடைத்து வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். எல்லாம் முடிந்திருந்தது. நான் செய்ய வேண்டியதையும் அண்ணனே செய்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. எனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்துவிட்டு, ‘அம்மைக்கு உனக்கும் சேத்து நானே தோள் குடுத்துட்டேன். என் நேரம் வரும்போது நீ வந்து குடு. லீவு கிடைக்கல, பிளேன் கிடைக்கலன்னு சொல்லிராத’ என்றார்.

தோள் கொடுப்பது. பாடையை நாலு பேர் தூக்குவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உங்கள் ஊரிலும் அப்படித்தானே? அந்தச் சொல் எனக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு நான் ஊர் திரும்பியதற்கு நூறு காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து காரணம் அது ஒன்றுதான்.

நான் வந்த வருஷமே அண்ணனும் ரிட்டயர் ஆனார். ஆன கையோடு இதயம் வீங்கிவிட்டது. காலில் நீர் கோத்துக்கொண்டது. படுத்தால் மூச்சு முட்டும். கட்டிலில் சுவரோரமாக உட்கார்ந்தபடியேதான் இருப்பார், தூக்கமும் அப்படியேதான். ஒரே மகள், அவளும் ஓசூரில். வீட்டில் அவரும் மதினியும் மட்டும். நான் பாளையங்கோட்டை மகாராஜநகர், அவர் பேட்டை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்விடுவேன். குளியலறைக்குக் கூட்டிப்போவேன், மாத்திரை எடுத்துக் கொடுப்பேன், டிவியில் செய்தி பார்ப்போம். பார்ப்போம் என்று நான்தான் சொல்ல வேண்டும். தலைப்புச் செய்தி முடிவதற்குள் அவர் என் இடது தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். கட்டில் இருக்கிற வாகு அப்படி, எப்போதும் இடது பக்கம்தான். ஆள் கனமான ஆள். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சட்டையெல்லாம் எச்சில். வீட்டுக்கு வந்ததும் முதலில் சட்டையை மாற்றுவேன். அது ஒரு தொந்தரவு, வேறென்ன.

என்ன சொல்ல வந்தேன்? ஆம், தோள். ஒருநாள் குளியலறையில் அவருக்குக் கால் வழுக்கியது. நான் பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் தெரியுமா, இத்தனை வருஷம் எப்படிப் பிடிக்கக் கூடாது என்று பலகை எழுதி மாட்டினேனோ அப்படி. வலது கையை நீட்டி, முழு எடையையும் ஒற்றைக் கையில் வாங்கினேன். டப் என்று ஒரு சத்தம்.

‘என்னல சத்தம்? உன் எலும்பா, என் எலும்பா?’ என்றார், கீழே உட்கார்ந்தபடி.

என்னுடையது. தோளைச் சுற்றிப் பிடித்திருக்கிற நாலு தசைநாணில் ஒன்று முழுதாகக் கிழிந்துவிட்டது. உங்களுக்கும் அதுதானே? சட்டை மாட்ட முடியாது. தலை சீவ முடியாது. மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்க முடியாது. அதெல்லாம் பரவாயில்லை.

டாக்டர் உங்களிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார். ‘உடனே பண்ணணும்னு இல்ல. அஞ்சாறு மாசத்துக்குள்ள பண்ணினாப் போதும். ரொம்ப விட்டுட்டா தசை சுருங்கிடும்.’ நான் ஒரு கேள்வி கேட்டேன். ‘டாக்டர், இந்தத் தோளில் முப்பது கிலோ எப்போ வைக்கலாம்?’

‘ஜிம்முக்குப் போவீங்களா?’

‘இல்லை. நாலு பேராகச் சேர்ந்து தூக்குகிறது.’

‘ஓ, சப்பரமா! எந்தக் கோயில் சார்?’

‘பேட்டைப் பக்கம்’ என்றேன்.

‘ஆபரேஷன்ல இருந்து அஞ்சு மாசம் குடுங்க. தைப்பூசத்துக்கு ஜம்முனு தூக்கலாம்.’

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் இதய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கவனமாக இருந்தால் சித்திரை வரைக்கும் போகும், தாண்டினால் அதிர்ஷ்டம் என்று. வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டேன். ஆவணியில் ஆபரேஷன். புரட்டாசி முடிய ஆறு வாரம், கை கட்டுக்குள் இருக்கும். ஐப்பசி கார்த்திகை பயிற்சி. மார்கழியில் லேசான எடை. தையில் தோள் தயார். பொறுத்துச் செய்தால் தோள் தயாராகச் சித்திரையும் தாண்டிவிடும். எனக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

என் மனைவி சுபா பார்த்துவிட்டு, ‘எல்லாக் கட்டத்துலயும் எழுதியிருக்கீங்க, கடைசிக் கட்டத்தை மட்டும் ஏன் சும்மா விட்டிருக்கீங்க?’ என்று கேட்டாள். தாளை மடித்து வைத்துவிட்டேன். அதையெல்லாம் எழுதக் கூடாது இல்லையா?

அண்ணனிடம் சொன்னபோது டிவி சத்தத்தைக் குறைத்தார். ‘இப்பவே பண்ணணுமால? கொஞ்சம் பொறுத்துப் பண்ணக் கூடாதா?’

‘பொறுத்தா சுருங்கிரும்ணே.’

‘எது?’

‘தசை.’

‘ஓகோ’ என்றார்.

ஆபரேஷனைப் பற்றிப் பயப்படாதீர்கள். கழுத்தில் ஊசி போட்டுக் கையை மரத்துப்போகச் செய்வார்கள். அன்றைக்கு முழுக்க யாருடைய கையோ நம் மடியில் கிடப்பது மாதிரி இருக்கும். மறுநாள் அது நம் கை என்று தெரியவரும். அப்போது கொஞ்சம் கத்துவீர்கள், கத்தலாம். சோத்துக்கை கட்டுக்குள் இருக்கும். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட வேண்டும், சாம்பார் சாதம் மடியில் விழும். சட்டைப் பட்டனை மனைவி போட்டுவிடுவாள். சுபா போட்டுவிடும்போது நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கஷ்டமே தூக்கம்தான், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மல்லாந்து படுக்கவே முடியாது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து, உட்கார்ந்த மாதிரியேதான். கண்ணை மூடினால் தலை ஒரு பக்கம் விழும், விழித்துக்கொள்வோம். மறுபடி மூடினால் மறுபடி விழும்.

டாக்டர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். குலுக்கல் ஆகாது. பேட்டை ரோட்டை அப்போது சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எட்டுக் கிலோமீட்டரும் பள்ளம். அதனால் போகவில்லை. ‘ஒரு கார் வச்சு மெதுவாப் போயிட்டு வாங்களேன்’ என்று சுபா சொன்னாள். ‘அந்த ரோட்டைப் பாத்திருக்கியா நீ?’ என்றேன். தையல் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. மறுபடி முதலிலிருந்து என்றால் தை போய்ச் சித்திரை ஆகிவிடும். இவ்வளவு திட்டம் போட்டுவிட்டு, ஒரு சாயங்காலம் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வருவதற்காக அதைக் கெடுத்துக்கொள்ள முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

நான் போகாததால் அவர் ஃபோன் செய்வார். சரியாக ஐந்து மணிக்கு.

‘என்னல, தோளு எப்படி இருக்கு?’

‘பதினோராம் நாள்ணே. தையல் பிரிச்சாச்சு.’

‘தூக்கம்?’

‘படுக்க முடியல. சாஞ்சேதான்.’

‘அடி சக்கை! நம்ம கட்சிக்கு வந்துட்டியா?’ என்று சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். இருமல் அடங்கினதும், ‘எப்பல வாரே, தோள் குடுக்க?’ என்றார்.

எனக்குத் திக்கென்றது. தன் சாவைப் பற்றி ஒரு மனுஷன் இவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறாரே என்று. ‘அவசரப்படாதீங்கண்ணே. தைக்குள்ள தயாராயிருவேன்’ என்றேன்.

 அப்புறம், ‘தையா? சரி. தை வரைக்கும் எங்கயும் ஸ்டாப்பிங் கிடையாதுன்னு டிரைவர்ட்ட சொல்லிருதேன். போலாம் ரைட்’ என்று வைத்துவிட்டார்.

அப்புறமும் கேட்டார். நாலைந்து தடவை இருக்கும். ‘தோள் குடுக்க வாரியால?’ நானும் ஒவ்வொரு தடவையும் எத்தனையாம் நாள் என்று சொல்லி, கை எவ்வளவு தூரம் அசைகிறது என்று சொல்லி, தையைச் சொல்வேன். ஒருநாள் மட்டும் வேறு மாதிரி கேட்டார்.

‘ஏல, ஒரு தோள்தானல கிழிஞ்சுது?’

‘ஒண்ணுதாண்ணே.’

‘ம். சும்மா கேட்டேன்’ என்றார். எப்போதும் ஏதாவது நையாண்டி செய்கிறவர்தானே. நானும் சிரித்தேன்.

முப்பத்து நாலாம் நாள் காலையில் மதினி ஃபோன் செய்தாள். ‘தம்பி, வாங்க’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கட்டு அவிழ்க்க இன்னும் எட்டு நாள் இருந்தது.

ஆட்டோவில் போனேன். அதே ரோடு, அதே பள்ளம். தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் சித்தப்பா மகன் இசக்கியப்பன், அவனுடைய மகன்கள், தெருக்காரர் ஒருவர், நாலு பேர் தயாராக நின்றார்கள். நான் இடது தோளையாவது கொடுக்கிறேன் என்று முன்னால் போனேன். இசக்கி என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். ‘நீ ஒதுங்கி நில்லுல. கட்டைப் போட்டுக்கிட்டு நீயும் விழுந்து வச்சேன்னா இன்னொரு வண்டிக்கு யாரு அலையுது?’ யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் போட்டார்கள். உட்கார்ந்தேன். ‘தோளை டாக்டர்ட்ட குடுத்துட்டு வந்துட்டான், நமக்கு எங்க மிச்சம்?’ என்று இசக்கி யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொல்லியிருப்பான். அவன் மேல்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். ஒரு மனுஷன் எதற்காக ஆபரேஷன் செய்துகொண்டான் என்று தெரியாமல் பேசக் கூடாது.

இப்போதெல்லாம் சுடுகாடு வரைக்கும் யாரும் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை, வண்டிதான். தோள் வேண்டியது வீட்டு வாசலிலிருந்து வண்டிக் கதவு வரைக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி எண்ணினேன். பதினாலு காலடி. அதற்குத்தான் நான் ஐந்து மாதத்துக்குத் திட்டம் போட்டது. கொள்ளியை இடது கையால் வைத்தேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மதினி கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நடுவில் நின்று தன் தோளைத் தேய்த்துக்கொண்டாள். அந்த வலி ஸ்ப்ரே வாசனை எனக்கு நன்றாகத் தெரியும்.

‘என்ன மதினி, உங்களுக்கும் தோளா?’ என்றேன்.

‘அவிய சாஞ்சு சாஞ்சுதான் தம்பி. தலையணையில சாய மாட்டேன்னுட்டாவ. என் தோள்ல வச்சாலும் எலும்பு கன்னத்துல குத்துதும்பாவ. அஞ்சு மணியானா ஃபோனை எடுத்துருவாவ. அவன் வந்து தோள் குடுத்தாம்னா அரை மணி நேரம் அசந்துருவேன், கேட்டுப் பாக்கேன்னு. பேசி முடிச்சதும் நான் அவிய மொகத்தைப் பாப்பேன். “தைக்கு வாரானாம்”ன்னுவாவ.’

குற்றமாகச் சொல்லவில்லை. மடித்த விரிப்பைப் பீரோவுக்குள் வைத்துவிட்டுக் காபி போடவா என்று கேட்டாள்.

மதினி சொல்கிறாள். நான் மறுக்கவில்லை. ஆனால் பாருங்கள், அம்மா இறந்தபோது அவர் சொன்னதும் இதே சொல்தான், எழுத்துக்கூட மாறாமல். அதை வைத்துத்தானே நான் எடுத்துக்கொள்ள முடியும்? கடைசி நாளில் மனுஷருக்கு அந்த நினைப்பும் இருந்திருக்கும், இந்த நினைப்பும் இருந்திருக்கும். தையைச் சொன்னபோது, ஏல நான் கேட்டது அது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? அவர் ஏன் சொல்லவில்லை? அதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எட்டுக் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து தூங்கியிருக்கிறார், இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். அதையும் யோசிப்பேன். தலை விழும், விழித்துக்கொள்வோம். சரி, விடுங்கள்.

என் முடிவில் தப்பு இல்லை. தையில் வலது தோள் டாக்டர் சொன்ன மாதிரியே தயார் ஆகிவிட்டது. பாருங்கள், கை காது வரைக்கும் போகிறது. தண்ணீர்க் கேன் தூக்குகிறேன். யாராவது கேட்டால் சப்பரம்கூடத் தூக்கலாம்.

அப்புறம் எதற்கு இன்னும் இங்கே வருகிறேன் என்று பார்க்கிறீர்களா? நீங்கள் வந்ததிலிருந்து அதைத்தான் கேட்க நினைக்கிறீர்கள், தெரிகிறது. இது இடது தோளுக்கு. அதே தையில்தான் பிடித்தது. இவ்வளவுதான் தூக்க முடிகிறது, பாருங்கள், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. ஸ்கேன் எடுத்தாயிற்று, கிழிசல் இல்லை, ஒன்றும் இல்லை. உறைந்துபோய்விட்டது என்கிறார் டாக்டர். சர்க்கரை இருந்தால் வருமாம். எனக்குச் சர்க்கரை உண்டு. அதனால்தான். யாராவது அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால் பாரம் இறங்குகிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். பஸ்ஸில்கூட இப்போது ஜன்னல் பக்கம் பார்த்து, இடது தோள் சுவரில் இருக்கிற மாதிரித்தான் உட்காருகிறேன்.

ஷெரின் கூப்பிடுகிறாள். வருகிறேன். முதல் நாள் அவளும் உங்களை மாதிரித்தான், குறிப்பேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். இந்தத் தோள்ல ஏதாவது அடி பட்டுச்சா சார், கனமா எதையாவது தூக்குனீங்களா, எப்பவாவது கிழிஞ்சுதா என்று.

இல்லைம்மா, நல்லாத்தான் இருந்தது என்றேன். அந்த முப்பத்து நாலு நாளும் நல்லாத்தான் இருந்தது.